கொழும்புத் துறைமுகத்தின் 2024 கணக்கில் ஒலுவிலுக்கு என்ன இருக்கிறது?

2025 பெப்ரவரி 9 – காத்தான்குடி வாசகர் ஒருவரின் கேள்வி

கொழும்புத் துறைமுகம் 2024 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 78 இலட்சம் கொள்கலன்களைக் கையாண்டு, தன் வரலாற்றில் இல்லாத உயரத்தைத் தொட்டிருக்கிறது. அங்கே இடம் போதாமல் புதிய முனையங்களைக் கட்டுகிறார்கள். அம்பாறை மாவட்டத்தில் கடன் வாங்கிக் கட்டிய ஒலுவில் துறைமுகமோ மணல் மூடிக் கிடக்கிறது. கொழும்பில் நிரம்பி வழியும் சரக்கில் பத்தில் ஒரு பங்கை ஒலுவிலுக்குத் திருப்பிவிட்டாலே போதாதா? கிழக்கின் மீது ஏன் இந்தப் பாராமுகம்?

2025 பெப்ரவரி 9, இரவு

சகோதரரின் மனவருத்தம் எனக்கும் உண்டு. பல ஆண்டுகள் கொழும்பில் வார்ப் கிளார்க்காக இருந்து, பிறருடைய பொருட்களைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுத்துவிட்டு, இப்போது அக்கரைப்பற்றில் இருக்கிறேன். ஒலுவிலைக் கடந்து போகும்போதெல்லாம் வயிறு எரிகிறது. ஆனால் 78 இலட்சம் என்ற எண்ணைப் பிரித்துப் பார்க்காமல் அதில் பத்தில் ஒன்றைக் கேட்டால், கேட்டது கிடைக்காது. கிடைத்தாலும் நமக்குப் பயன்படாது.

அந்த எண் பெட்டிகளின் எண்ணிக்கை அன்று. இருபது அடி நீளக் கொள்கலனை ஓர் அலகாக வைத்துப் போடும் கணக்கு அது. நாற்பது அடிப் பெட்டி வந்தால் இரண்டு என்று பதிவாகும். வெறும் பெட்டியும் கணக்கில் சேரும். எல்லாவற்றிலும் முக்கியமாக, ஒரு கப்பலிலிருந்து இறக்கி வேறொரு கப்பலில் ஏற்றப்படும் பெட்டி, இறக்கும்போது ஒரு தடவையும் ஏற்றும்போது ஒரு தடவையுமாக இரண்டு முறை எண்ணப்படும். கொழும்பின் கணக்கில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இப்படிப்பட்ட கப்பல் மாற்றுச் சரக்குத்தான்.

பங்களாதேசத்தின் சட்டோகிராமில் தைத்த ஆடைகள் ஒரு சிறிய கப்பலில் கொழும்புக்கு வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஜய கொள்கலன் முனையத்தின் கிறேன் அந்தப் பெட்டியை இறக்குகிறது. முற்றத்தில் வேறு பெட்டிகளோடு அடுக்கப்பட்டுச் சில நாட்கள் கிடக்கிறது. ஐரோப்பாவுக்குப் போகும் பெருங்கப்பல் வந்ததும் ஏறிவிடுகிறது. கதவு திறக்கப்படுவதில்லை, சீல் உடைக்கப்படுவதில்லை, இலங்கையின் எந்த வீதியையும் அந்தப் பெட்டி காண்பதில்லை. பெருங்கப்பல் எங்கே வருகிறதோ அங்கேதான் சிறிய கப்பலும் வரும். ஆகவே கொழும்பில் "வழிகின்ற" சரக்கை நாம் நினைத்த கரைக்குத் திருப்பிவிட முடியாது.

2025 பெப்ரவரி 11

2024 ஆம் ஆண்டின் ஏற்றத்தையும் தனியாக எடுத்துப் பார்க்கக் கூடாது. 2019 இல் ஏறத்தாழ 72 இலட்சம், 2020 இல் 68 இலட்சத்துக்குச் சற்று மேல், 2021 இல் மீண்டும் 72 இலட்சத்தைத் தாண்டியது, 2022 இல் திரும்பவும் 68 இலட்சத்துக்கு இறக்கம், 2023 இல் 69 இலட்சத்துக்குச் சற்று மேல். ஐந்து ஆண்டுகளாக ஒரே மட்டத்தில் ஏறியும் இறங்கியும் நின்ற துறைமுகம் ஒரே ஆண்டில் எட்டு இலட்சத்துக்கு மேல் கூடியதென்றால், அதற்கு வெளியிலிருந்து ஒரு காரணம் இருக்க வேண்டும்.

அந்தக் காரணம் செங்கடல். 2023 இன் இறுதியில் அங்கே கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கியதும், பெரிய கப்பல் நிறுவனங்கள் சுயஸ் கால்வாயை விட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கின. பயணம் நீண்டதால், வளைகுடாத் துறைமுகங்களில் மாற்றிவந்த பெட்டிகள் பலவற்றைக் கொழும்பில் இறக்கி மாற்றுவது அவற்றுக்கு வசதியாயிற்று. இங்குள்ள தொழிலாளர்களும் கிறேன் இயக்குநர்களும் அந்தச் சுமையைத் தாங்கினார்கள். அந்தப் பெருமையை யாரும் குறைக்க முடியாது. ஆனாலும் செங்கடல் அமைதியானால் அந்தக் கூடுதல் சரக்கில் எவ்வளவு தங்கும் என்பதை வைத்துத்தான் இந்த ஆண்டை மதிப்பிட வேண்டும்.

2022 இன் இறக்கத்துக்குக் காரணம் நம் எல்லோருக்கும் தெரியும். டொலர் இல்லை, இறக்குமதிக்குத் தடை, எரிபொருளுக்கு வரிசை. உள்நாட்டுப் பெட்டிகள்தான் அந்த ஆண்டில் அதிகம் அடிபட்டன.

2025 பெப்ரவரி 12

அப்படியானால் கப்பல் மாற்றுச் சரக்கால் நாட்டுக்குப் பயனே இல்லையா என்று கேட்ட மருதமுனை வாசகருக்கு: பயனில்லை என்று நான் சொல்லவில்லை. இறக்கவும் ஏற்றவும் அறவிடும் கூலி டொலரில் வருகிறது. பெருங்கப்பல்கள் வருவதால் நம் நாட்டு ஏற்றுமதியாளருக்கு நேரடிப் போக்குவரத்துக் கிடைக்கிறது. அந்த வருமானம் கொழும்பில் பிறக்கிறது, அதில் அரசின் பங்கு திறைசேரிக்குப் போகிறது. கிழக்குக்கு அதில் ஒரு பங்கு வேண்டுமென்றால், கப்பலைக் கேட்பதைவிடப் பணத்தைக் கேட்பது நியாயமானது, நடக்கக்கூடியதும் அதுதான். அந்தப் பணத்தால் என்ன செய்யலாம் என்று பின்னர் எழுதுகிறேன்.

2025 பெப்ரவரி 16

"கொழும்பும் ஒரு காலத்தில் திறந்த கரைதானே, ஒலுவிலை ஏன் அப்படி ஆக்க முடியாது" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. கொழும்பு இயற்கைத் துறைமுகம் அன்று. 1875 டிசம்பரில் அங்கே அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1885 இல் அந்தச் சுவர் முடிந்தது. அதுவரை தெற்கே காலித் துறைமுகத்தில் நின்ற நீராவிக் கப்பல்கள் கொழும்புக்கு மாறின. உலகத்தின் தலைசிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்றான திருகோணமலை அப்போதும் கிழக்கில்தான் இருந்தது. வர்த்தகக் கப்பல்கள் அங்கே போகவில்லை.

காரணம் சரக்கு. மலையகத்தின் கோப்பியும் பின்னர் தேயிலையும் புகையிரதத்தில் கொழும்புக்கு வந்தன. தலைநகரும் வங்கிகளும் அங்கே இருந்தன. சுவர் கட்டுவதற்கு முன்பே சரக்கு அங்கே காத்திருந்தது.

ஒலுவிலில் இது தலைகீழாக நடந்தது. கிழக்கின் தென்பகுதிக்கு ஒரு துறைமுகம் வேண்டும் என்பது எம்.எச்.எம். அஷ்ரப் அவர்கள் துறைமுக அமைச்சராக இருந்தபோது கண்ட கனவு. அவர் 2000 செப்டம்பரில் மறைந்தார். பின்னர் டென்மார்க்கின் கடனுதவியோடு 2008 இல் வேலை தொடங்கி, 2013 செப்டம்பரில் துறைமுகம் திறக்கப்பட்டது. மீன்பிடிக்கு ஒரு பகுதி, வர்த்தகக் கப்பலுக்கு ஒரு பகுதி. வர்த்தகப் பகுதிக்குத் திட்டமிட்ட ஆழம் சுமார் 8 மீற்றர். இன்றைய பெருங்கொள்கலன் கப்பல் நானூறு மீற்றர் நீளமும், சுமை ஏறியபோது ஏறத்தாழ 16 மீற்றர் அமிழ்வும் உடையது. கொழும்பின் தெற்குத் துறையில் 2013 இல் இயங்கத் தொடங்கிய சீன முனையத்தின் ஆழம் 18 மீற்றர். ஒலுவிலை எந்நாளும் சிறிய கப்பல்களுக்காகத்தான் கட்டினார்கள். அந்தச் சிறிய கப்பல்களில் ஏற்ற என்ன இருக்கிறது என்ற கேள்விக்குக் கட்டுவதற்கு முன் விடை தேடவில்லை.

2025 பெப்ரவரி 23

மணலைப் பற்றி எழுதாமல் இந்தக் கேள்வி பதில் இழை நகர முடியாது.

கடந்த வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் ஒலுவில் வெளிச்சவீட்டுப் பக்கத்திலிருந்து கரையோரமாக நடந்தேன். துறைமுகத்தின் தெற்குச் சுவரை ஒட்டி மணல் அகலமான திடலாகக் கிடக்கிறது. முன்பு கடலாக இருந்த இடத்தில் இப்போது பையன்கள் பந்து விளையாடுகிறார்கள். வாயிலில் நீர் நிறம் மாறித் தெரிகிற இடமெல்லாம் மணல் மேடு. வடக்குச் சுவரைத் தாண்டியதும் காட்சி மாறிவிடுகிறது. கரை செங்குத்தாக அறுக்கப்பட்டு, வேர்கள் வெளியே தொங்கும் தென்னைகள் கடலின் பக்கம் சாய்ந்து நிற்கின்றன. சில மரங்கள் விழுந்து, ஓலை இல்லாத தடியாய் அலையில் உருள்கின்றன. பாறாங்கல் அடுக்கிய இடத்தில் கரை நிற்கிறது. கல் முடிந்த இடத்திலிருந்து அறுப்பு மீண்டும் தொடங்குகிறது. கரைவலை இழுப்பவர் ஒருவரிடம் பேசினேன். வலையை வளைக்கவும் மாடு கட்டவும் வள்ளத்தை ஏற்றி வைக்கவும் இருந்த வெளி எங்கே என்று கேட்டேன். அவர் கடலைக் காட்டினார்.

இது எவரும் எதிர்பார்க்க முடியாத விபத்து அன்று. நம் கிழக்குக் கரையில் மணல், ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. கடலுக்குள் ஒரு கற்சுவரை நீட்டினால் தெற்கே மணல் தேங்கும். வடக்கே போக வேண்டிய மணல் போகாது. அலை தன் பங்கை வடக்குக் கரையிலிருந்து எடுத்துக்கொள்ளும். சென்னைக்குப் போனவர்கள் மெரினாவின் அகலத்தைக் கண்டு வியந்திருப்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டிய துறைமுகச் சுவருக்குத் தெற்கே தேங்கிய மணல்தான் அந்தக் கடற்கரை. அதே சுவருக்கு வடக்கே இராயபுரம் கரை அரிபட்டுக் கல் அடுக்கிக் காக்கப்படுகிறது. புதுச்சேரியிலும் 1980களில் கட்டிய சிறு துறைமுகத்துக்கு வடக்கே நகரம் தன் மணற்கரையை இழந்தது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக வங்கக் கடல் எழுதிக் காட்டிய பாடம் இது. ஒலுவிலைத் திட்டமிட்டவர்கள் இதை வாசித்திருக்க வேண்டும்.

வடக்கே கல் அடுக்குவது தற்காலிகம். ஒலுவிலைக் காத்தால் அட்டப்பள்ளம் போகும், அதைக் காத்தால் நிந்தவூர் போகும். தேங்கிய மணலைத் தெற்கிலிருந்து எடுத்து வடக்கே கொட்டுவதுதான் நிலையான வழி. அவுஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்டில் 1986 முதல் குழாய் வழியாக மணலைப் பம்பு செய்து முகத்துவாரத்தின் மறுபக்கம் சேர்க்கிறார்கள். ஒருமுறை தூர்வாரிப் படம் எடுத்துவிட்டுப் போகும் வேலை அன்று இது. துறைமுகம் இருக்கும்வரை ஆண்டுதோறும் செய்ய வேண்டியது.

2025 பெப்ரவரி 25

நிந்தவூர் சகோதரர், "சுவரையே உடைத்துவிடுங்கள், ஊர் தப்பும்" என்று எழுதியிருக்கிறார். நிலத்தை இழந்தவரின் வார்த்தை அது. எளிதில் ஒதுக்கிவிட மாட்டேன். துறைமுகத்துக்காகக் காணி கொடுத்தவர்கள் நட்டஈட்டுக்கு ஆண்டுக்கணக்கில் அலைந்த கதையும் இதோடு சேர்ந்தது.

ஆனால் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனையின் ஆழ்கடல் படகுகளை எண்ணிப் பாருங்கள். ஒதுங்க இடமில்லாமல் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும் படகை மாரிக் காற்று அறுத்துக்கொண்டு போய்க் கரையில் மோதி உடைத்தால், அந்தக் குடும்பத்துக்கு மிஞ்சுவது கடன் மட்டுமே. வாழைச்சேனையில் மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. கல்முனைப் படகுக்கு அது தூரம். ஒலுவிலின் மீன்பிடிப் பகுதி வாயில் திறந்து, ஐஸ் தொழிற்சாலையும் எரிபொருளும் ஏலமிடும் கூடமும் ஒழுங்காக இயங்கினால், இரண்டு மாவட்டங்களின் கடற்றொழிலாளருக்கு அது உயிர் காக்கும். சுவரை உடைப்பதா வைப்பதா என்பதைக் கரையோர அளவைகள் தெரிந்த பொறியியலாளர்கள் மக்கள் முன்னிலையில் விளக்க வேண்டும். வாயில் மூடியும் கரை அறுந்தும் இருக்கிற இப்போதைய நிலை மட்டும் எவருக்கும் நன்மை தரவில்லை.

2025 மார்ச் 9

நம் மாவட்டங்களின் சரக்கு என்ன என்று பலர் கேட்டதால் சற்று விரிவாக.

முதலில் நெல். கல்லோயாத் திட்டத்தின் வயல்களால் அம்பாறை நாட்டின் பெரிய நெற்களஞ்சியங்களில் ஒன்று. ஆனால் இந்த நெல்லும் அரிசியும் கடல் கடந்து போகும் பொருள் அல்ல. நெல் பொலன்னறுவை ஆலைகளுக்குப் போகிறது. அரிசி மரந்தகஹமுல, புறக்கோட்டைச் சந்தைகளுக்கு லொறியில் போகிறது. கப்பலில் அனுப்பலாமே என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லொறி ஆலை வாசலில் ஏற்றிக் கடை வாசலில் இறக்குகிறது. கப்பலென்றால் ஆலையிலிருந்து லொறி, ஒலுவிலில் ஏற்றுக்கூலி, கொழும்பில் இறக்குக்கூலி, மீண்டும் லொறி. இந்தச் சிறிய தீவில் அந்தக் கணக்கு ஒத்துவராது. திரும்பி வரும் கப்பலை நிரப்பவும் போதிய சரக்கில்லை.

அடுத்தது ஏற்றுமதி ஆடை. இது உண்மையாகவே கடலுக்குப் போகும் சரக்கு. நான் வேலை செய்த காலத்தில் கிழக்கிலிருந்து வந்த ஒரு பெட்டி இன்னும் நினைவில் இருக்கிறது. மார்கழி வெள்ளத்தால் வழி மறிபட்டு, லொறி சுற்றிவளைத்து வந்து, துறைமுக வாயில் வரிசையில் நின்றபோது, அந்தக் கப்பலுக்குப் பெட்டி ஏற்கும் நேரம் முடிந்திருந்தது. சாரதி கண் சிவந்து, கடதாசிகளைப் பொலித்தீன் பைக்குள் சுற்றி மார்போடு பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். பெட்டி அடுத்த கப்பலுக்குக் காத்திருந்தது. தாமதத்தின் செலவு தொழிற்சாலையின் தலையில் விழுந்தது. அந்தச் சாரதிக்கு ஒலுவிலில் கப்பல் தேவைப்படவில்லை. வெள்ளத்தில் மூழ்காத வீதியும், வாயிலில் காக்க வைக்காத ஒழுங்கும்தான் தேவைப்பட்டன.

துறைமுகத்தின் ஆண்டுச் செயற்பாட்டை நாம் வேறு விதமாகவும் அளக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். கப்பல் எத்தனை மணி நேரம் வெளியே காத்து நின்றது, கிறேன் மணிக்கு எத்தனை பெட்டி தூக்கியது என்பவற்றைக் கப்பல் நிறுவனங்கள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கின்றன. நம்முடைய லொறி உள்ளே போய் வெளியே வர எடுத்த நேரத்தை யார் பார்க்கிறார்கள்? இந்த ஜனவரியில் சுங்கப் பரிசோதனைக்காகக் காத்த கொள்கலன்கள் குவிந்து பெரும் நெரிசல் ஏற்பட்டது. சாதனை ஆண்டு முடிந்த கையோடு வந்த நெரிசல் அது. கப்பல் மாற்றுப் பெட்டிக்கு அந்த வலி இல்லை, உள்நாட்டுப் பெட்டிக்குத்தான்.

2025 ஏப்ரல் 10

கொழும்பின் மேற்கு முனையம் இந்த வாரம் இயங்கத் தொடங்கியிருக்கிறது. இந்தியாவின் அதானி, நம் நாட்டின் ஜோன் கீல்ஸ், துறைமுக அதிகாரசபை ஆகிய மூன்றின் கூட்டு அது; 35 ஆண்டு ஒப்பந்தம்; 1,400 மீற்றர் நீளம், 20 மீற்றர் ஆழம்; முழுமையடைந்தால் ஆண்டுக்கு 32 இலட்சம் அலகு கையாளலாம் என்பது திட்டம். 2021 இல் கொழும்பின் கிழக்கு முனையத்தை வெளியாருக்குக் கொடுக்கக் கூடாது என்று தொழிற்சங்கங்கள் நின்றதையும், அதன்பின் மேற்கு முனையம் பேசப்பட்டதையும் இங்கே பலர் மறந்திருக்கமாட்டார்கள். கிழக்கு முனையம் அதிகாரசபையின் கையிலேயே கட்டப்பட்டு வருகிறது. என் பார்வையில் அந்தப் போராட்டம் வீண்போகவில்லை. ஆழமான முனையம் ஒன்றாவது முழுமையாக நாட்டின் கையில் இருப்பது, கட்டணம் பேசும்போது பலம்.

ஆனால் இடம் இருந்தால் சரக்கு வந்துவிடும் என்று கொழும்பும் எண்ணக் கூடாது. அதன் கப்பல் மாற்றுச் சரக்கில் பெரும்பகுதி இந்தியாவுக்குரியது. கேரளத்தின் விழிஞ்ஞத்தில் பெருங்கப்பல் வரும் ஆழ்துறைமுகம் கடந்த டிசம்பரில் வணிக இயக்கத்தைத் தொடங்கிவிட்டது. மும்பைக்கு வடக்கே வாதவனில் இன்னொன்றுக்கு 2024 இல் ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள். தன் பெட்டியைத் தன் கரையிலேயே மாற்ற இந்தியா முயல்வது இயல்பு.

2025 ஏப்ரல் 12

மேலே எழுதியதை மீண்டும் வாசித்தபோது, திருகோணமலையைப் பற்றி ஒரு வரியோடு விட்டிருப்பது தெரிந்தது. கிழக்கின் துறைமுகம் என்று பேசினால் பேச்சு அங்கேதான் போக வேண்டும். ஆழத்துக்குத் தோண்ட வேண்டியதில்லை, சுவரும் வேண்டியதில்லை. கோதுமை வருகிறது, மா அரைக்கிறார்கள். சீமெந்துக்குரிய கிளிங்கர் வருகிறது. எண்ணெய்த் தாங்கிகள் தொண்ணூற்றொன்பது இருக்கின்றன, அவற்றில் 61 ஐ அபிவிருத்தி செய்ய 2022 ஜனவரியில் இந்தியாவோடு கூட்டு ஒப்பந்தம் செய்தார்கள். மொத்தமாகக் கொட்டி ஏற்றும் சரக்குக்கு அதுவே பொருத்தமான துறை. 2009 இல் கிண்ணியாப் பாலமும் அதன்பின் இந்த வீதியின் மற்றப் பாலங்களும் திறக்கப்பட்டபின் மட்டக்களப்பிலிருந்து கரையோரமாகவே போய்விடலாம்; அதற்கு முன் படகுப் பாதையில் ஏறி இறங்கிய காலத்தை மூதூர்க்காரரைக் கேட்டால் சொல்வார்கள்.

மட்டக்களப்புக்குப் புகையிரதமும் உண்டு. அம்பாறைக் கரையோரத்துக்கு இல்லை. கல்முனை வரையாவது அந்தப் பாதையை நீட்ட வேண்டும் என்பது பழைய கோரிக்கை. அதில் பயணிகளை மட்டும் எண்ணாமல் சரக்கையும் எண்ணினால், ஒலுவிலில் ஒரு வர்த்தகக் கப்பலை எதிர்பார்ப்பதைவிட அது நமக்குக் கிட்டிய பலன்.

2025 மே 4

விழிஞ்ஞத்தை மே 2 ஆம் திகதி இந்தியப் பிரதமர் முறைப்படி திறந்துவைத்துவிட்டார். கொழும்பின் இந்த ஆண்டுக் கணக்கை இனி அதோடு சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவுக்கு மனு எழுதப்போவதாகவும், அதில் எதைக் கேட்பதென்றும் காத்தான்குடிச் சகோதரர் தனியாகக் கேட்டிருந்தார். "கொழும்புச் சரக்கில் பத்தில் ஒன்று" என்ற வரியை எடுத்துவிடுங்கள். ஒலுவில் வாயிலைத் திறந்து வைக்கவும், அள்ளிய மணலை வடக்குக் கரையில் கொட்டவும் ஒவ்வோர் ஆண்டு வரவுசெலவிலும் தனித் தலைப்பில் பணம் ஒதுக்கச் சொல்லுங்கள். கொழும்பின் கப்பல் மாற்று வருமானத்திலிருந்து அது வரலாம் என்று காரணத்தோடு எழுதுங்கள். அள்ளிய மணலை விற்பனைக்குக் கொண்டுபோகக் கூடாது என்பதைத் தனி வாக்கியமாகச் சேருங்கள், ஏனென்றால் அந்த மணல் நிந்தவூர்க் கரைக்குச் சொந்தமானது. நட்டஈடு கிடைக்காதவர்களின் பட்டியலை இணையுங்கள். மீன்பிடிப் பகுதியில் குளிரூட்டிய கொள்கலனுக்கு மின்னிணைப்புக் கேளுங்கள்: சூறை, பாரை மீன்களை ஐஸ் பெட்டியில் போட்டுக் கொழும்புக்கு ஓடுவதற்குப் பதிலாக, ஒலுவிலிலேயே நிரப்பிச் சீல் வைத்து அனுப்ப முடிந்தால் மீனின் தரமும் விலையும் நிற்கும்.

மனுவில் கையொப்பமிட ஒலுவில், பாலமுனை, அட்டப்பள்ளம், நிந்தவூர்க் கடற்றொழிலாளர் சங்கங்களை முதலில் அழையுங்கள். கரைவலைக்காரரும் ஆழ்கடல் படகுக்காரரும் ஒரே கடதாசியில் ஒப்பமிட்டால்தான், ஒருவரைக் காட்டி மற்றவரை மறுக்க முடியாது. சுங்க நடைமுறை, கொள்கலன் பற்றிய பகுதியை நான் எழுதித் தருகிறேன்.